சுரங்கம் மூடிய ஊரில் வேலை எங்கே? தங்கவயல் வாலிபர்களுக்கு வழிகாட்டும் "அப்ரண்டிஸ்" பயிற்சி

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டது 2001-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ந்தேதி. அன்று பிறந்த குழந்தை இன்று வேலை தேடும் வாலிபன். சுரங்கத்துச் சங்கொலியை அவன் கேட்டதில்லை. தாத்தா இறங்கிய குழிக்குள் அவன் எட்டிப் பார்த்ததும் இல்லை. ஆனால் அந்தச் சுரங்கம் மூடியதால் விழுந்த அடி மட்டும் அவன் தலையிலும் சேர்ந்தே விழுந்திருக்கிறது.

விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் இருந்து பெங்களூருக்கு ரெயில் புறப்படுகிறது. சாம்பியன், உரிகாம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கையில் சாப்பாட்டு டப்பாவுடன் ஆண்களும் பெண்களும் ஏறுகிறார்கள். பங்காருபேட்டை தாண்டினால் நிற்கவும் இடம் கிடைப்பது கஷ்டம். பெங்களூர் சுமார் 100 கிலோ மீட்டர் தூரம். காலையில் இருட்டில் கிளம்பி, இரவு இருட்டில் வீடு திரும்புகிறார்கள்.

போகிற வேலை என்ன? காவலாளி வேலை, கடை வேலை, கட்டிட வேலை, பொருட்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. சிலருக்கு நல்ல கம்பெனி உத்தியோகமும் உண்டு. ஆனால் பலருக்கு அது காண்டிராக்ட் வேலைதான். இன்று இருக்கும், நாளை இருக்குமா என்பது தெரியாது.

இந்த நிலையை மாற்ற ஒரே நாளில் வழி பிறக்காது. ஆனால் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அதுதான் "அப்ரண்டிஸ்" எனப்படும் தொழில் பழகுநர் பயிற்சி. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தும் வேண்டாம் என்று ஒதுக்குபவர்கள் அதிகம்.

தொழில் இருந்தது, காகிதம் இல்லை

1880-ம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளில் இருந்து தமிழ்க் குடும்பங்கள் குடும்பமாக வந்து இறங்கின. 1902-ல் சிவசமுத்திரத்தில் இருந்து இங்கு மின்சாரம் வந்தது. இந்தியாவில் பல பெரிய ஊர்கள் மின்சார விளக்கைக் காணாத காலம் அது. ஒரு காலத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தச் சுரங்கங்களில் வேலை பார்த்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-ல் "பாரத் கோல்டு மைன்ஸ்" என்ற கம்பெனி உருவானது. நிர்வாகம் மாறினாலும் ஊர் வழக்கம் மாறவில்லை. அப்பா வேலை பார்த்த இடத்தில் மகனும் வேலைக்குச் சேர்ந்தான். மேஸ்திரியின் பக்கத்தில் நின்று தொழிலைக் கற்றுக்கொண்டான். லேத் ஓட்டினான், வெல்டிங் வைத்தான், பெரிய பெரிய மோட்டார்களைப் பழுது பார்த்தான்.

சுரங்கம் மூடியபோதுதான் உண்மை தெரிந்தது. கையில் தொழில் இருந்தது. ஆனால் "இவருக்கு இந்தத் தொழில் தெரியும்" என்று வெளியூர்க் கம்பெனி நம்பும்படி எழுதிக் கொடுத்த காகிதம் பலரிடம் இல்லை. 20 ஆண்டு அனுபவம் உள்ளவரும் பெங்களூரில் போய் உதவியாளர் வேலைக்கு நிற்க வேண்டியதாயிற்று.

இந்த அனுபவம் ஒரு பாடம். தொழில் தெரிந்தால் மட்டும் போதாது. தெரிந்த தொழிலுக்கு அரசாங்க முத்திரை போட்ட சான்றிதழும் வேண்டும். அப்ரண்டிஸ் பயிற்சி தருவது இந்த இரண்டையும்தான்.

சுரங்கம் திறக்கும் என்று காத்திருக்கலாமா?

"சுரங்கம் மீண்டும் திறக்கப் போகிறது" என்ற பேச்சு தங்கவயலில் ஓய்ந்ததே இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அது மேடை ஏறும். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடக மந்திரிசபை ஒரு முடிவு எடுத்தது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண்மேடுகளில் மிச்சம் இருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்தது. ஊர் மக்கள் "சயனைடு மலை" என்று சொல்லும் மேடுகள்தான் அவை.

நல்ல செய்திதான். ஆனால் மண்மேட்டை அள்ளி அரைத்துத் தங்கம் பிரிப்பது இயந்திரங்களின் வேலை. பழைய சுரங்கத்தைப் போல ஆயிரக்கணக்கானவர்களைக் கூப்பிடும் வேலை அல்ல. அப்படியே கூப்பிட்டாலும் யாரைக் கூப்பிடுவார்கள்? பிட்டர், எலக்ட்ரீசியன், வெல்டர், இயந்திரம் ஓட்டுபவர் என்று சான்றிதழ் வைத்திருப்பவர்களைத்தான். ஆகவே எந்தக் கதவு திறந்தாலும், திறக்காவிட்டாலும், வாலிபர்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுதான்.

அக்கம்பக்கத்திலேயே தொழிற்சாலைகளும் இல்லாமல் இல்லை. 1964-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான "பெமல்", தங்கவயலில் புல்டோசர், மண் அள்ளும் இயந்திரங்கள் போன்றவற்றைத் தயாரிக்கிறது. கோலார் மாவட்டத்து நரசாபுராவில் 2013-ல் ஹோண்டா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. செல்போன் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலையும் அங்கே இருக்கிறது. வேமகல், மாலூர் பக்கத்திலும் தொழிற்பேட்டைகள் வளர்ந்திருக்கின்றன. பெங்களூர் வரை போகாமல் பாதி வழியிலேயே இறங்கி வேலை பார்க்க இடம் இருக்கிறது. உள்ளே நுழையத்தான் சாவி வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அப்ரண்டிஸ் சட்டம் 1961-ம் ஆண்டு பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சாலைகள் வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு, மாத உதவித்தொகை கொடுத்து, தொழில் கற்றுத்தர வேண்டும் என்பது இதன் சாரம்.

2019-ம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டன. அதன்படி 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த நிறுவனமும் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆக வேண்டும். மொத்த ஆட்களில் இரண்டரை சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 15 சதவீதத்துக்கு மேல் போகவும் கூடாது. இந்தக் கணக்கில் காண்டிராக்ட் தொழிலாளர்களும் சேர்த்தி. 400 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை என்றால், குறைந்தது 10 பேரையாவது சேர்க்க வேண்டும். 60 பேர் வரை சேர்க்கலாம்.

4 பேர் முதல் 29 பேர் வரை வேலை பார்க்கும் சிறிய பட்டறைகளும் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். பெங்களூர் பீனியா போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள சின்னப் பட்டறைகளுக்கு இது பொருந்தும்.

யார் சேரலாம்? குறைந்தபட்ச வயது 14. ஆபத்தான தொழில்களுக்கு 18. ஐ.டி.ஐ. முடித்தவர்கள்தான் சேர முடியும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கும், டிப்ளமோ, பட்டம் பெற்றவர்களுக்கும் தனித்தனியே இடங்கள் உண்டு. ஆனால் ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பயிற்சிக் காலம் குறையும். உதாரணமாக, 2 ஆண்டு பிட்டர் படிப்பு முடித்தவர் ஓர் ஆண்டு அப்ரண்டிஸ் பயிற்சி பெற்றால் போதும். பிறகு அகில இந்தியத் தேர்வு எழுதித் தேறினால், தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். அது இந்தியா முழுவதும் செல்லும்.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு இந்தப் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது முக்கியமான விஷயம்.

எவ்வளவு பணம் கிடைக்கும்?

2019 விதிகளின்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை இது: 5 முதல் 9-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு ரூ.5 ஆயிரம். 10-ம் வகுப்பு தேறியவர்களுக்கு ரூ.6 ஆயிரம். 12-ம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு ரூ.7 ஆயிரம். டிப்ளமோவுக்கு ரூ.8 ஆயிரம். பட்டதாரிக்கு ரூ.9 ஆயிரம். இரண்டாம் ஆண்டில் இது 10 சதவீதமும், மூன்றாம் ஆண்டில் 15 சதவீதமும் கூடும்.

இந்தத் தொகையை 36 சதவீதம் உயர்த்தி, ரூ.6,800 முதல் ரூ.12,300 வரை ஆக்க வேண்டும் என்று 2025-ம் ஆண்டு மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் சிபாரிசு செய்தது. சேரும் நாளில் ஒப்பந்தப் பத்திரத்தில் என்ன தொகை எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது நல்லது. இது குறைந்தபட்சத் தொகைதான். இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன.

2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் நாலில் ஒரு பங்கை, அதாவது ரூ.1,500 வரை அரசாங்கமே ஏற்கிறது. 2023 முதல் அந்தப் பங்கு வாலிபரின் பேங்க் கணக்குக்கே நேராகப் போகிறது.

வீட்டுக்கு வீடு நடக்கும் வாக்குவாதம்

இங்கேதான் சிக்கல். ஐ.டி.ஐ. முடித்த பையன் உள்ள வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"ஏம்ப்பா, ஏழாயிரத்துக்கா ரெண்டு வருஷம் படிச்சே? எதிர் லைன் பையன் படிக்காமலே பெங்களூர்ல அதுக்கு மேல வாங்குறானே!"

"அது காண்டிராக்ட்டுப்பா. எப்ப வேணும்னாலும் நிறுத்திடுவாங்க."

"நிறுத்துறப்ப பார்த்துக்கலாம். இந்த மாச வட்டிக்கு என்ன சொல்றே?"

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடனும் வட்டியும் பையன் பயிற்சி முடிக்கும் வரை காத்திருப்பதில்லை. தங்கச்சியின் படிப்பு, அம்மாவின் மருந்து, வீட்டு ரிப்பேர் எல்லாம் பணத்தைத்தான் கேட்கும். அதனால் பையன் சாவியைக் கீழே போட்டுவிட்டு ரெயில் ஏறிவிடுகிறான்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும். காண்டிராக்ட் வேலையில் சேர்ந்த பையனுக்கு முதல் மாதம் கையில் கூடுதலாகப் பணம் வரும். அதில் ரெயில் சீசன் டிக்கெட், மதியச் சாப்பாடு, தங்கும் அறை வாடகை எல்லாம் போக மிச்சம் எவ்வளவு? 5 ஆண்டு கழித்தும் அவன் அதே உதவியாளன்தான். கம்பெனி மாறினால் மறுபடியும் முதல் படி.

அப்ரண்டிஸ் முடித்தவன் ஓர் ஆண்டு குறைவாகச் சம்பாதிக்கிறான். அதற்குப் பிறகு அவன் "அனுபவம் உள்ள பிட்டர்". அந்தப் பெயரை எந்தக் கம்பெனியும் பிடுங்கிக்கொள்ள முடியாது. ஓர் ஆண்டுக் கஷ்டத்தைக் குடும்பம் தாங்கினால், 30 ஆண்டு உழைப்புக்கு விலை கூடும்.

காண்டிராக்ட் வேலையின் கஷ்டத்தைக் கோலார் மாவட்டம் கண்ணால் கண்டிருக்கிறது. 2020-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி நரசாபுராவில் செல்போன் தொழிற்சாலை ஒன்றில் சம்பளப் பிரச்சினை கலவரமாக வெடித்தது. அங்கு வேலை செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஏஜென்சிகள் மூலம் வந்த காண்டிராக்ட் தொழிலாளர்கள். பிறகு நடந்த விசாரணையில் சம்பளம், வேலை நேரம் ஆகியவற்றில் விதிமீறல்கள் நடந்தது தெரிய வந்தது. சம்பளத்தில் குறை ஏற்பட்டால் கம்பெனியைக் கேட்பதா, ஏஜென்சியைக் கேட்பதா என்று தெரியாமல் தொழிலாளி நடுவில் நிற்பதுதான் இந்த முறையின் கேடு.

வேலை நிச்சயமா?

இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். நிச்சயம் இல்லை. பயிற்சி முடிந்ததும் அதே தொழிற்சாலை வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. இதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

ஆனால் பயிற்சி பெற்றவருக்குச் சில முன்னுரிமைகள் உண்டு. 1995-ம் ஆண்டு உத்தரப்பிரதேச அரசு போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், பயிற்சி பெற்ற அப்ரண்டிசுக்கு முன்னுரிமை தர வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம்தான் வர வேண்டும் என்று அவரைக் கேட்கக்கூடாது. பயிற்சி பெற்ற காலத்தை வயது வரம்பில் தளர்த்தலாம். இவை அந்தத் தீர்ப்பின் முக்கிய அம்சங்கள்.

ரெயில்வேயில் இன்னும் தெளிவான பலன் உண்டு. ரெயில்வேயிலேயே அப்ரண்டிஸ் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு, "லெவல் 1" எனப்படும் கடைநிலைப் பணிகளில் 20 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவர்கள் எழுத்துத் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் பெற வேண்டும். ஆனால் ஓட்டம், சுமை தூக்குதல் போன்ற உடல் திறன் தேர்வு அவர்களுக்கு இல்லை.

ரெயில்வே அப்ரண்டிசுக்கு ஆள் எடுக்கும் முறையும் எளிது. எழுத்துத் தேர்வு கிடையாது. 10-ம் வகுப்பு மார்க், ஐ.டி.ஐ. மார்க் இரண்டின் சராசரியை வைத்துப் பட்டியல் போடுகிறார்கள். வயது 15 முதல் 24 வரை. குறிப்பிட்ட பிரிவினருக்கு வயதில் சலுகை உண்டு. தென்மேற்கு ரெயில்வே, எலகங்கா ரெயில் சக்கரத் தொழிற்சாலை ஆகியவை விளம்பரம் செய்து ஆள் எடுக்கின்றன. பெமல், எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பொதுத்துறைத் தொழிற்சாலைகளும் அப்ரண்டிஸ்களைச் சேர்க்கின்றன.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. "பாஸ் ஆனால் போதும்" என்று 10-ம் வகுப்பில் அலட்சியமாக இருந்த பையன், 4 ஆண்டு கழித்து இந்தப் பட்டியலில் பின்தங்கி விடுகிறான். ரெயில்வே வேலைக்கான போட்டி 10-ம் வகுப்புப் பரீட்சையிலேயே தொடங்கி விடுகிறது.

பெயர்தான் பயிற்சி, நடப்பது வேலை

"டிரெய்னி" என்று பெயர் வைத்து ஆள் சேர்த்து, தொழில் கற்றுத் தராமல் மூட்டை தூக்க வைக்கும் இடங்களும் உண்டு. அப்படி ஓராண்டு உழைத்துவிட்டு வெளியே வந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

உண்மையான அப்ரண்டிசைக் கண்டுபிடிக்க வழி எளிது. கம்பெனிக்கும் வாலிபருக்கும் இடையே எழுத்து மூலம் ஒப்பந்தம் இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ அவருக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒப்பந்தம் "அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா" என்ற அரசாங்க இணையதளத்தில் பதிவாக வேண்டும். டிப்ளமோ, பட்டம் பெற்றவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. கர்நாடகம் உள்பட தென் மாநிலங்களுக்கான அதன் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவு இல்லை என்றால் அது அப்ரண்டிஸ் அல்ல; பிறகு சான்றிதழும் வராது.

பயிற்சியின்போது அடிபட்டால் நஷ்டஈடு பெற உரிமை உண்டு. அப்ரண்டிஸ் ஆலோசகர் எனப்படும் அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் செய்யச் சொல்லக்கூடாது. கம்பெனி ஒப்பந்தத்தை மீறினால் வாலிபருக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும். அதேபோல வாலிபர் காரணம் இல்லாமல் பாதியில் ஓடினால், செலவைத் திருப்பிக் கேட்கவும் இடம் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. அப்ரண்டிசாகச் சேர யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. "உள்ளே ஆள் இருக்கிறது, 50 ஆயிரம் கொடு" என்று யார் கேட்டாலும் அது மோசடிதான். சில அரசு நிறுவனங்கள் விண்ணப்பக் கட்டணமாகச் சிறு தொகை வாங்கலாம். அதையும் விளம்பரத்தில் அவர்களே குறிப்பிட்டிருப்பார்கள்.

கன்னடம் தெரிந்தால் கதவு அகலும்

2024-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி கர்நாடக மந்திரிசபை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியார் தொழிற்சாலைகளில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதமும், மற்ற வேலைகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கே தர வேண்டும் என்பது அதன் சாரம். தொழில் அதிபர்களின் எதிர்ப்பால் இரண்டே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்த மசோதாவில் "உள்ளூர்க்காரர்" யார் என்று சொன்னதைத் தமிழர்கள் கவனிக்க வேண்டும். கர்நாடகத்தில் பிறந்திருக்க வேண்டும். 15 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும். கன்னடம் பேசவும், படிக்கவும், எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் கன்னடத்தை ஒரு பாடமாகப் படித்ததற்குச் சான்று இல்லை என்றால், மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

தங்கவயல் தமிழ்ப் பிள்ளைகள் நான்காவது, ஐந்தாவது தலைமுறையாக இங்கே பிறந்தவர்கள். பிறப்பிலும் குடியிருப்பிலும் அவர்களை யாரும் வெளியூர்க்காரர் என்று சொல்ல முடியாது. மிஞ்சி நிற்பது எழுத்துதான். கன்னடம் சரளமாகப் பேசும் வாலிபர்கள் பலர், ஒரு விண்ணப்பத்தைக் கன்னடத்தில் நிரப்பத் தடுமாறுகிறார்கள்.

2015-ம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்துக்குப் பிறகு பள்ளிகளில் கன்னடம் கட்டாயமாகிவிட்டது. இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குக் கவலை இல்லை. அதற்கு முன் பள்ளியை விட்டவர்கள்தான் முயற்சி எடுக்க வேண்டும். தமிழ் எழுத்து தெரிந்தவருக்குக் கன்னட எழுத்து மலை அல்ல. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சில மாதங்களில் கைவந்துவிடும். வீட்டில் தமிழ் வளரட்டும். வேலைக்குக் கன்னடமும் வரட்டும். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

ஓர் எழுத்தால் போகும் வாய்ப்பு

நல்ல மார்க் வாங்கியும் வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. காரணம், பெயரில் உள்ள குழப்பம். மார்க்ஸ் கார்டில் முன்னால் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். பேங்க் பாஸ்புக்கில் வேறு எழுத்து. கம்ப்யூட்டருக்கு இந்த மூவரும் மூன்று பேர்! கடைசி நாளில் சைபர் சென்டரில் நின்றுகொண்டு இதைச் சரி செய்ய முடியாது.

10-ம் வகுப்பு முடித்த உடனேயே எல்லாப் பத்திரத்திலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பேங்க் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ்களைத் தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். தாத்தாவின் சுரங்க வேலைக் காகிதங்கள் பெட்டியில் இருந்தால் எறிந்துவிடக் கூடாது. குடும்பம் எத்தனை காலமாக இங்கே இருக்கிறது என்பதற்கு அவை நல்ல ஆதாரம்.

பெண்களுக்கும் இடம் உண்டு

சுரங்கம் ஆண்களின் உலகமாக இருந்தது. அப்ரண்டிஸ் பயிற்சி அப்படி அல்ல. எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் ஆபரேட்டர், தையல் முதல் பிட்டர், வெல்டர் வரை எல்லாப் பிரிவிலும் பெண்கள் சேரலாம். கோலார் மாவட்டத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் பெண்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். அவர்களும் சான்றிதழோடு உள்ளே போனால் உதவியாளராகவே நின்றுவிடாமல் மேலே வர முடியும். "பெண் பிள்ளைக்கு ஏன் ஐ.டி.ஐ.?" என்ற கேள்வியை வீட்டில் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

ஊர் செய்ய வேண்டியது

கர்நாடக அரசு 2024 ஜனவரி 12-ந்தேதி "யுவ நிதி" திட்டத்தைத் தொடங்கியது. படிப்பு முடித்து 6 மாதம் வேலை கிடைக்காத பட்டதாரிகளுக்கு மாதம் ரூ.3 ஆயிரமும், டிப்ளமோ படித்தவர்களுக்கு ரூ.1,500-ம் 2 ஆண்டு வரை கிடைக்கும். அது கைச்செலவுக்கு உதவும். ஆனால் அதை வாங்கிக்கொண்டு 2 ஆண்டையும் வீட்டில் கழித்தால், திட்டம் முடியும் நாளில் வயதுதான் கூடியிருக்கும்.

அரசாங்கம் செய்வதை அரசாங்கம் செய்யட்டும். ஊரும் சில காரியங்களைச் செய்யலாம். அதற்குப் பெரிய பணம் தேவை இல்லை.

பெமல் போன்ற தொழிற்சாலைகளில் ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் நிறைய இருக்கிறார்கள். எந்தத் தொழிலுக்கு எங்கே மதிப்பு என்று அவர்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் ஒரு மன்றத்திலோ, கோவில் மண்டபத்திலோ, சர்ச் கூடத்திலோ, விகாரையிலோ உட்கார்ந்து வாலிபர்களுக்கு யோசனை சொல்லலாம். கம்ப்யூட்டர் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் கூட இருந்து பதிவு செய்து கொடுக்கலாம். ஓர் ஆசிரியர் கன்னட எழுத்துச் சொல்லித் தரலாம். எந்தத் தொழிற்சாலை எப்போது ஆள் எடுக்கிறது என்பதைக் கரும்பலகையில் எழுதி வைக்கலாம்.

சங்கங்கள் இன்னொரு உதவியும் செய்யலாம். பயிற்சி பெறும் பையனுக்கோ பெண்ணுக்கோ அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் ரெயில் சீசன் டிக்கெட்டும் மதியச் சாப்பாட்டுச் செலவும் ஏற்றுக்கொண்டால் போதும். "ஏழாயிரம் எப்படிப் போதும்?" என்று கேட்கும் வீட்டில் பேச்சு மாறிவிடும். பட்டறை வைத்திருக்கும் தமிழர்கள் ஆளுக்கு ஒருவரை முறைப்படி பதிவு செய்து அப்ரண்டிசாகச் சேர்த்தால், அதுவே பெரிய தொண்டு.

சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பூமியைக் குடைந்து சுமார் 800 டன் தங்கத்தை வெளியே அனுப்பினார்கள். அந்தத் தங்கம் ஊரில் தங்கவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் தொழிலை யாரும் ஊரை விட்டு எடுத்துப் போய்விட முடியாது. இந்த ஆண்டு 10-ம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடிக்கும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோர் இன்றே உட்கார்ந்து இதைப் பேசட்டும். முதல் மாதச் சம்பளத்தைப் பற்றி மட்டும் அல்ல, முப்பது ஆண்டு வாழ்க்கையைப் பற்றியும் பேசட்டும்.